இராவீட்டுக்காரி

எங்கள் ஊரில் இப்போது யாரையாவது சபிக்க வேண்டுமென்றால், "உன் பொழப்பு விடிஞ்சு போகும்டா" என்றால் போதும். கேட்டவன் கையை ஓங்கிக்கொண்டு வருவான். பெண் பார்க்கப் போகிறவர்கள், "பொண்ணு நல்ல விடியாமூஞ்சி, வெயிலே பட்டதில்ல" என்று வாய்நிறையச் சொல்லிவிட்டு வருகிறார்கள். என் அம்மா காலத்தில் இதையே ஒருத்தியைப் பார்த்துச் சொல்லியிருந்தால் செருப்பு பறந்திருக்கும். போன தேர்தலில் நின்ற ஒரு மனிதர் பழைய ஞாபகத்தில், "உங்களுக்கெல்லாம் ஒரு விடியலைக் கொண்டுவருவேன்" என்று மேடையில் பேசிவிட்டார். டெபாசிட் போயிற்று.

இது நடந்தபோது நான் விடிந்தால் எழுகிறவள். பகல்காரி. பெயர் செண்பகவல்லி, தூத்துக்குடி உப்பளத்தில் வேலை. எனக்கு அழுகை சீக்கிரம் வராது, ஆத்திரம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும், "இவ்வளவு கோபக்காரியா நீ" என்று கேட்கக்கூடாது.

கடல் உள்ளே வந்து பாதித் தெருக்களை எடுத்துக்கொண்ட பிறகு, மிஞ்சிய வீடுகளைப் பொழுது வாரியம் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தது. பாதி என்றால் சுவர் எழுப்பி அல்ல, நேரத்தை வெட்டி. ஒரு வீட்டுக்கு இரண்டு குடும்பம். காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை ஒரு குடும்பம் விழித்திருக்கும், மற்றது அதே வீட்டின் சுவருக்குள் பெட்டியில் தூங்கும். மாத்திரை போட்டுக்கொண்டு பெட்டிக்குள் படுத்தால் அதுவே மூடி, அதுவே தாழிட்டுக்கொள்ளும். தூங்குகிறவனுக்குச் சோறு வேண்டாம், தண்ணீர் வேண்டாம், இடம் வேண்டாம். ஒருபொழுது இருப்பது என்பது அந்தக் காலத்தில் விரதம். இப்போது ஊரே ஒருபொழுதுதான்.

இதில் பகல் யாருக்கு, இரவு யாருக்கு என்பதுதான் தலையெழுத்து. நாற்பத்தொன்பது டிகிரி வெயிலில் பகலை யார் கேட்பார்கள்? எல்லோருக்கும் இரவு வேண்டும். கடைகண்ணி, கல்யாணம், திருவிழா எல்லாம் இரவில்தான். ஆனால் உப்புக்கு வெயில் வேண்டும், வெயிலில் நிற்க ஆள் வேண்டும். அதனால் எங்களுக்குப் பகலைக் கொடுத்துவிட்டு, தெருமுனைக்குத் தெருமுனை இப்படி எழுதி வைத்தார்கள்: "விதி மீறியவர் பகலுக்கு. தகவல் தந்தவர் இரவுக்கு." நாங்கள் குடியிருப்பதே அடுத்தவனுக்குத் தண்டனையாம். தினமும் அந்தப் பலகையைத் தாண்டித்தான் வேலைக்குப் போக வேண்டும்.

எங்கள் வீட்டில் இரவைப் பெற்ற புண்ணியவதியின் பெயர் ஜெசிந்தா. தனிக்கட்டை. இரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் அவளை நான் பார்த்ததில்லை. விடியலிலும் அந்தியிலும் இருபது நிமிடம் இரண்டு குடும்பமும் பெட்டிக்குள் இருந்தாக வேண்டும். அதற்குக் கருக்கல் நேரம் என்று பெயர். நேருக்கு நேர் பார்த்தால் சண்டை வரும் என்று வாரியம் பயந்தது. பார்க்காமலே சண்டை வரும் என்பது வாரியத்துக்குத் தெரியவில்லை.

சமையலறைச் சுவரில் ஒரு சிலேட்டு. இரண்டு வீட்டுக்கும் பேச்சு அதில்தான். முதல் மாதமே, "நாளைக்குத் தண்ணி வராது" என்று அவள் எழுதியிருந்தாள். எனக்கு நாளை என்றால் மறுநாள். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு அன்றைக்கே போய்க் குழாயடியில் நின்றேன். குழாயில் காற்றுதான் வந்தது. "அது என்ன நாளைக்கு? உங்க நாளைக்கா, எங்க நாளைக்கா?" என்று எழுதிப் போட்டேன். "நீங்க முழிக்கிற நேரம் எனக்கு நாளைக்குத்தானே" என்று முத்து முத்தாகப் பதில் வந்தது. நியாயம்தான். ஆனால் அந்தக் கையெழுத்து இருக்கிறதே, அச்சில் வார்த்த மாதிரி. என் எழுத்து கோழி கிண்டினது போல இருக்கும். அன்றிலிருந்து சிலேட்டில் இன்று, நாளை என்ற சொற்களே கிடையாது, மணி மட்டும்தான் எழுதுவது என்று முடிவாயிற்று.

அவளுடைய வாசம் எனக்குத் தெரியும். காலையில் பெட்டி திறந்து நான் இறங்கும்போது வீடு முழுக்க மீன்குழம்பும் தேங்காயெண்ணெயும் குளிர்ச்சியும் இருக்கும். அவள் அனுபவித்து முடித்த இரவின் மிச்சம் ஒரு அரைமணி நேரம் தரையில் இருக்கும். வெறுங்காலோடு அதன்மேல் நடப்பேன். பிறகு சூரியன் வந்து அதையும் எடுத்துக்கொண்டு போய்விடும்.

அந்தச் சித்திரையில் என் கால் வீங்க ஆரம்பித்தது. காலையில் கொலுசு ஏறும், மத்தியானம் இறங்காது. டாக்டரம்மா இரத்தத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள். "சிறுநீரகம் ரெண்டும் காய்ஞ்சுட்டு வருது. உப்பளத்துல பாதிப் பேருக்கு இதுதான். இன்னும் ரெண்டு கோடை தாங்கும்மா. அதுக்குள்ள இரவுக்கு மாறிருங்க. மாறினா ஒண்ணும் செய்யாது."

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னேன். அவர் பெயர் தளவாய். வாரியத்தில் பெட்டி மெக்கானிக். தெருத்தெருவாகப் போய்த் தூக்கப்பெட்டிகளைப் பழுது பார்க்கிறவர். ஊரையே தூங்க வைக்கிற மனிதர், பெண்டாட்டியின் பொழுதை மாற்றத் தெரியாதா என்று நினைத்தேன்.

"மாத்து கேட்டு மனு போடுங்க. அந்த இராவீட்டுக்காரி சம்மதிச்சா மாத்திக்கிடலாமாமே?"

"சம்மதிச்சாலும் கிடைக்காதுளா. இரவுல நமக்கு ஒரு வேலை இருக்கணும். வேலைன்னா நாப்பது நாள் போய்ப் பழகி, கார்டுல கைநாட்டு வச்சிருக்கணும்."

"அப்ப போய்ப் பழகுங்க."

"இரவுக்காரன்தான் இரவுல வேலைக்குப் போகலாம்."

"அப்ப இரவுக்காரன் ஆகுங்க."

"அதுக்கு வேலை இருக்கணும்லா." அவர் சிரிக்கவில்லை. "கல்யாணம் ஆனா பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிஞ்சா கல்யாணம் ஆகும்னு சொல்லுவாகள்லா, அந்தக் கதை."

"அப்ப நான் சாகட்டும்னு சொல்லுதிய."

அவர் மாத்திரையை எடுத்துக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார். என்ன மனிதன் இவன், ஒரு வார்த்தை ஆறுதலாகச் சொல்லக்கூடாதா என்று எனக்கு ஆத்திரம் வந்தது.

பத்து நாள் போயிருக்கும். ஒரு காலையில் அவருடைய செருப்பு ஈரமாக இருந்தது. மழை பெய்து ஏழு மாதமாகிறது. நான் ஒன்றும் கேட்கவில்லை. அதற்கு அடுத்த வாரம் அவருடைய சாம்பல் சட்டையில் இரண்டாவது பட்டன். அது விழுந்து ஒரு மாதமாயிற்று. தைத்துக் கொடு என்று அவர் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார், கால் வலியில் எனக்கு முடியவில்லை. அந்தச் சட்டை ஆணியில் தொங்குகிறது, பட்டன் இருக்கிறது. நீல நூலில் தைத்திருக்கிறது. எங்கள் நூல்பெட்டியில் வெள்ளையும் கறுப்பும்தான் உண்டு.

"இது யாரு தச்சது?"

"நான்தான்."

"ஊசியில நூல் கோக்கத் தெரியுமா உங்களுக்கு?"

"வேலை செய்யுற இடத்துல ஒருத்தன் தச்சுக் குடுத்தான்." சொல்லும்போது அவர் முகம் என் பக்கம் இல்லை. "பட்டன்தானளா, விடு."

பட்டன்தானா! நான் சோறு வடித்துப் போட்ட நெஞ்சில் எவளோ ஊசி குத்தியிருக்கிறாள், இவர் பட்டன்தான் என்கிறார்.

பிறகு நான் எல்லாவற்றையும் எண்ண ஆரம்பித்தேன். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அவருக்குக் கண் சொருகியது. பன்னிரண்டு மணி நேரம் பெட்டியில் தூங்கி எழுகிறவனுக்குப் பகலில் என்ன தூக்கம்? கண்ணைச் சுற்றிக் கருவளையம். நகத்தடியில் மீன் செதில். ஒருநாள் என் குழம்பைத் தொட்டுவிட்டு, "கொஞ்சம் கொடம்புளி போட்டா நல்லா இருக்கும்" என்றார். ஒன்பது வருடமாக என் கையால் சாப்பிடுகிற வாய் அது. கொடம்புளி போடுகிறவள் யார் என்று எனக்குத் தெரியாதா? அவளுடைய டப்பா சமையலறையில் மூன்றாவது தட்டில் இருக்கிறது.

பெட்டி மெக்கானிக்குத் தன் பெட்டியைத் திறக்கத் தெரியாமலா போகும்? நான் சுவருக்குள் பிணம் மாதிரிக் கிடக்கிறேன், ஓர் அடி தள்ளி இன்னொரு பெட்டியிலிருந்து என் புருஷன் எழுந்து இறங்கி அவளோடு குடித்தனம் நடத்துகிறான். வேறு ஊருக்குப் போய், வேறு தெருவுக்குப் போய்ச் செய்தால்கூட மனசு ஆறும். என் வீட்டில், என் அடுப்பில், நான் இருக்கும்போதே! ஏற்கெனவே இரவு முழுவதும் அவளுடையது. குளிர்ச்சி, நிலா, கோயில் திருவிழா, சர்ச் திருவிழா எல்லாம் அவளுக்கு. எனக்கென்று இருந்தது இந்த ஒரு மனிதன். அதுவும் பொறுக்கவில்லையா அவளுக்கு? பார்க்காத ஒருத்தியின் முகத்தை நானே வரைந்தேன். ஒவ்வொரு நாளும் வரைந்த முகம் முந்தின நாளைவிட அழகாக இருந்தது. அதுதான் தாங்கவில்லை.

உப்பளக்காரிக்கு இரும்பை ஜெயிக்கத் தெரியும். எங்கள் மண்வெட்டி மூன்று மாதம்தான் வரும், பிறகு துரு தின்றுவிடும். உப்பளத்தில் நீர் தேக்கும் தெப்பத்திலிருந்து கெட்டியான உப்புத்தண்ணீரை ஒரு சின்னப் புட்டியில் எடுத்து வந்தேன். தினமும் அந்தியில் பெட்டிக்குள் ஏறுவதற்கு முன்னால் என் பெட்டியின் தாழ்ப்பாளுக்குள் நாலு சொட்டு. பதினெட்டாம் நாள் தாழ் விழும் சத்தம் கேட்கவில்லை. தள்ளிப் பார்த்தேன், கதவு அசைந்தது. அன்றைக்கு மாத்திரையை நாக்குக்கடியில் வைத்திருந்து, படுத்ததும் துணியில் துப்பிவிட்டேன்.

பாதி கரைந்துபோன மாத்திரை தன் வேலையைக் காட்டியது. தூங்கிப்போனேன். விழித்தபோது பெட்டி இடுக்கில் வெளுப்புத் தெரிந்தது. விடியற்கருக்கல். எல்லோரும் பெட்டிக்குள் இருக்க வேண்டிய நேரம். வெளியே ஊசி டப்பா திறக்கிற சத்தம்.

கதவை இரண்டு விரல் அளவுக்குத் தள்ளினேன்.

அவர் முக்காலியில் உட்கார்ந்து, தலையைச் சுவரில் சாய்த்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். அவருக்கு எதிரே ஒரு பெண். நான் வரைந்த எந்த முகமும் இல்லை. ஐம்பது வயது இருக்கும். குட்டை. முன்பல் ஒன்று இல்லை. கழுத்தில் ஜெபமாலை. அவர் போட்டிருந்த சட்டையிலேயே கையருகே ஏதோ கிழிந்ததைத் தைத்துக்கொண்டிருந்தாள். தைத்து முடித்து, குனிந்து, அவர் நெஞ்சருகே வாயைக் கொண்டுபோய் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். பிறகு சட்டையை ஒரு தட்டுத் தட்டி நீவிவிட்டாள். அவ்வளவுதான்.

அழகியாக இருந்திருந்தால்கூட, "ஆம்பிளைப் புத்தி" என்று துப்பிவிட்டுப் போயிருப்பேன். இவளிடம் என்ன இருக்கிறது? இவளிடம் அவர் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார். என்னிடம் ஒன்பது வருடத்தில் ஒருநாள்கூட அப்படித் தூங்கியதில்லை. எங்கள் இருவர் தூக்கமும் பெட்டிக்குள் போனது. அவர் தூங்கி நான் பார்த்ததே கிடையாது. என்னைக் கட்டிய புருஷனின் தூங்குகிற முகத்தை முதன்முதலாக அன்றைக்குப் பார்க்கிறேன், அதுவும் இன்னொருத்தி பார்த்துக்கொண்டிருக்கும்போது.

கதவை இழுத்து மூடிக்கொண்டு படுத்தேன். ஆறேகாலுக்கு நேரே வாரிய அலுவலகத்துக்குப் போனேன்.

அதிகாரி மாசானமுத்து வயதானவர், நல்லவர் என்றுதான் ஊரில் பேர். நான் சொல்லச் சொல்லப் பேனாவைத் திறந்தார், மூடினார்.

"கோவத்துல எழுதுற மனுவ ஒரு வாரம் ஆறப்போடணும்னு நான் சொல்லுவேன். கேக்க மாட்டிய. சரி, உங்க வீட்டுப் பெட்டி பழுது, அந்தம்மா அதப் பாத்தும் தகவல் தரலன்னு மட்டும் எழுதுங்க. அந்தம்மா பகலுக்கு வந்துரும், நீங்க ரெண்டு பேரும் இரவுக்குப் போயிரலாம். உங்க கால்வீக்கம் எனக்கும் தெரியும். அவரு பேரு எதுக்கும்மா?"

"ரெண்டு பேர் பேரையும் போடணும்."

"போட்டா ரெண்டு பேருக்கும் ஒரே தண்டனைதான்."

"அதான் வேணும் எனக்கு. இவுகள மட்டும் விட்டுட்டு, அவள மட்டும் தண்டிக்கணுமோ? ரெண்டு பேரும் சேந்துதான செஞ்சாக."

என் மனதில் ஓடிய கணக்கையும் சொல்லிவிடுகிறேன். என் புருஷன் ஏற்கெனவே பகல்காரன். பகலில் இருக்கிறவனைப் பகலுக்கு அனுப்பினால் அவனுக்கு என்ன நஷ்டம்? நாலு பேர் முன்னால் ஒருமுறை தலைகுனியட்டும். பிறகு நான் போகிற இடத்துக்கு என் பின்னால் வராமல் எங்கே போய்விடுவான்? கோழி கிண்டினதுபோல இரண்டு பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் விசாரணை. ஜெசிந்தாவை ஊசி போட்டுப் பகலில் எழுப்பிக் கூட்டி வந்திருந்தார்கள். முந்தானையால் கண்ணை மறைத்துக்கொண்டு நின்றாள். சர்ச்சில் உச்சி மணி அடித்தது. சட்டென்று சிலுவை போட்டுக்கொண்டு ஏதோ முணுமுணுத்தாள். காவலாளி அதட்டினான்.

"ஜெபம்யா," என்றாள். "பதினோரு வருசமா மத்தியான ஜெபத்த நடுச்சாமத்துல சொல்லிட்டுக் கெடந்தேன். இன்னைக்குத்தான் மத்தியானத்துல சொல்லுதேன்."

மாசானமுத்து என் புருஷனின் பையைக் கவிழ்த்தார். அதிலிருந்து ஒரு அட்டை விழுந்தது. மீன் குளிர்கிடங்கில் வேலை பழகுகிறவர்களுக்குக் கொடுக்கும் அட்டை. நாற்பது கட்டம். முப்பத்தாறில் கைநாட்டு. கூடவே ஒரு மனு. பொழுது மாற்றக் கோரும் மனு. காரணம் என்ற இடத்தில் என் பெயர், என் சிறுநீரகத்தின் கணக்கு, டாக்டரம்மா கையெழுத்து. சம்மதிக்கும் வீடு என்ற இடத்தில் முத்து முத்தான எழுத்தில் ஜெசிந்தா என்று இருந்தது.

"நாலு ராத்திரிதான் பாக்கி," என்றார் அதிகாரி. என்னைப் பார்க்காமல் அட்டையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எல்லாரும் இப்படித்தான் செய்யுதாங்க. அட்டை நிறைஞ்சு வந்தா எப்படி நிறைஞ்சதுன்னு நாங்களும் கேக்குறதில்ல. யாராச்சும் புகார் குடுத்தா மட்டும்தான் கேக்கணும்."

என் புருஷன் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். அவரிடம் போய், "ஏன் சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?" என்று சட்டையைப் பிடித்தேன். கைப்பக்கம் நீல நூல் தையல் தெரிந்தது.

"தெரிஞ்சு சொல்லாம இருந்தாலும் குத்தம்தானளா. உம்பேரு சுத்தமா இருந்தாத்தான் உனக்கு இரவு குடுப்பாங்க." தூக்கமில்லாத கண்ணோடு சிரித்தார். "உனக்குச் சந்தேகம் வரும்னு தெரியும். நாப்பது நாளைக்குள்ள வராதுன்னு நினைச்சேன்."

"நீ எதுக்குச் சம்மதிச்ச?" என்று அவளைப் பார்த்துக் கத்தினேன். அப்போதும் எனக்கு ஒரு குற்றம் வேண்டியிருந்தது.

"மகளப் பகல்ல கட்டிக் குடுத்துட்டேன் மைனி. பேரன் பொறந்து அஞ்சு வருசம். அவன் முழிச்ச முகத்த நான் பாத்ததில்ல. அண்ணன் வந்து மாத்திக்கிடலாமான்னு கேட்டாரு, எனக்குத் தேவன் அனுப்புன ஆள் மாதிரி இருந்துச்சு."

மைனி என்கிறாள். அண்ணன் என்கிறாள். அந்த உறவுமுறை புரிந்ததும் என் மனசு குளிர்ந்திருக்க வேண்டும். குளிரவில்லை. என்னைக் கேட்காமல் என் புருஷனுக்குத் தங்கையாக இவள் யார்?

தீர்ப்பு நாலு வரிதான். விதி மீறிய இருவரும் ஏழு வருடம் பகலில் இருக்க வேண்டும். தளவாயின் மெக்கானிக் உரிமம் ரத்து, அவருக்கு உப்பளத்தில் என் இடத்தில் வேலை. தகவல் தந்த செண்பகவல்லிக்கு, உடல்நிலையையும் கருதி, காலியான இரவு. வீடு அதே வீடு.

"நான் தகவலே தரல," என்றேன். "எனக்கு இரவு வேண்டாம். நான் பகல்லயே இருந்துக்கிடுதேன்."

மாசானமுத்து மேசை இழுப்பறையைத் திறந்து காட்டினார். அதில் எல்லாவற்றுக்கும் படிவம் இருந்தது. "இரவத் திருப்பிக் குடுக்க மட்டும் படிவம் இல்லம்மா. இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல."

வாசலில் ஜெசிந்தா முந்தானையைக் கண்ணிலிருந்து எடுத்து வெயிலைப் பார்த்தாள். "எவ்வளவு மஞ்சளா இருக்கு," என்றாள். பிறகு, "மக வீட்டுக்குப் போயிட்டு வந்துருதேன் மைனி, பேரன் முழிச்சிருப்பான்," என்று சொல்லிவிட்டு அந்த நெருப்பில் வெறுங்காலோடு ஓடினாள்.

இப்போது நான் இரவில் இருக்கிறேன். அந்தி ஆறேகாலுக்குப் பெட்டி திறக்கிறது. குளிர்கிடங்கில் மீன் அடுக்குகிறேன். வழியில் பார்க்கிறவர்கள் "அந்தி வணக்கம்" என்கிறார்கள். மூன்றே மாதத்தில் கால் வீக்கம் வற்றிவிட்டது, கொலுசு ஏறி இறங்குகிறது. பக்கத்து வீட்டுக்காரி என் கன்னத்தைத் தொட்டு, "விடியாமூஞ்சியா ஆயிட்டியே செம்பகம்" என்று கொஞ்சினாள். நிலா வருகிறது, திருவிழா வருகிறது. ஆசைப்பட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. தூக்கிக் கடலில் போடத்தான் தோன்றுகிறது.

சுவரில் இரண்டு பச்சை விளக்கு எரிகிறது. ஒன்று அவர் பெட்டி. அதை ஒட்டியிருக்கும் என் பழைய பெட்டியில் அவள் படுத்திருக்கிறாள். தாழ்ப்பாள் எல்லாம் மாற்றிவிட்டார்கள், உப்புக்கு மசியாத எஃகு. நான் செய்த வேலையால் தெருவுக்கே புதுத் தாழ். அவர் பெட்டிக் கதவில் கையை வைத்தால் கொஞ்சம் சூடு தெரியும். உள்ளே வாயைத் திறந்துகொண்டுதான் தூங்குவார். பார்க்க முடியாது.

பகல் முழுவதும் அவர்கள் இரண்டு பேரும் இந்த வீட்டில் நடக்கிறார்கள். விதியை மீறாமல், சட்டப்படி, ஏழு வருடத்துக்கு. ஒரே வண்டியில் உப்பளம் போகிறார்கள், ஒரே அடுப்பில் சமைக்கிறார்கள். நான் கையெழுத்துப் போட்டுச் சேர்த்து வைத்த சோடி. என் குழம்புச்சட்டியில் கொடம்புளி வாசம். அவர் சிலேட்டில் ஒருநாள், "கால் எப்படி இருக்கு? நாளைக்கு எழுது" என்று எழுதியிருந்தார். அவருடைய நாளையா, என்னுடைய நாளையா என்று கேட்கவில்லை. "நல்லாருக்கு. உங்க கால்?" என்று எழுதினேன். அதற்கு இன்னும் பதில் வரவில்லை.

போன வாரம் ஆணியில் அந்தச் சாம்பல் சட்டை தொங்கியது. எடுத்துப் பார்த்தேன். காலர் முழுக்க உப்புப் பூத்திருந்தது. ஏதாவது கிழிசல் இருக்கிறதா என்று தேடினேன். ஒன்றுமில்லை. எல்லாப் பட்டனும் இருந்தது, எல்லாம் கெட்டியாக நீல நூலில். எனக்கென்று அந்தச் சட்டையில் ஒரு வேலைகூட இல்லை.

இரண்டாவது பட்டனைப் பிய்த்தேன். கறுப்பு நூல் கோத்து அதையே திரும்பத் தைத்தேன். குனிந்து, யாரும் இல்லாத நெஞ்சருகே, நூலைப் பல்லால் கடித்து அறுத்தேன். ஒரு தட்டுத் தட்டி நீவி, ஆணியில் மாட்டினேன்.

மறுநாள் அந்தியில் பெட்டி திறந்து இறங்கியதும் சிலேட்டைத்தான் பார்த்தேன். முத்து முத்தான எழுத்து: "பட்டன்தானே மைனி, சொல்லியிருந்தா நானே தச்சிருப்பேன்லா. ஏன் கஷ்டப்படுதிய?"

சட்டையை எடுத்து, மிச்சமிருந்த பட்டன் எல்லாவற்றையும் பிய்த்தேன்.